பாஸ்காரரின் குடும்பப் பாஸ்

திண்டுக்கல்லில் எமனையே சந்து முனையில் நிறுத்தி, "யாரு வீட்டுக்கு? என்ன சோலி?" என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் பாஸ்காரர்தான். எமன் பதில் சொல்லியிருந்தால்கூட, எருமையை ஓரமாகக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டிருப்பார். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

முகம் என்றா சொன்னேன்? முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குக் குழிகள்தான் இருந்தன. சின்ன வயதில் பெரியம்மை போட்டுவிட்டுப் போனவை. நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கீரனூரிலிருந்து வந்து, கோட்டை மலைக்குக் கீழே அவர் குடியிருந்த சந்திலேயே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். "வாத்தியாரே, என் மூஞ்சிய ஒரு தடவ வரைஞ்சு குடேன்" என்று ஒருநாள் கேட்டார். ஒரு முழுப் பென்சில் ஆகும் என்றேன். "ரெண்டாவே வாங்கிக்க, காதும் இருக்குல்ல" என்றார்.

சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு சுற்றுவது அவர் தொழில். அவருடைய நிஜப் பெயர் கம்பெனிக்குத் தெரிந்திருக்கலாம், எங்கள் சந்துக்குத் தெரியாது. பாஸ்காரர் என்ற பெயர் வந்தது இப்படி. அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்குள் நுழைந்த அம்மை, அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று அத்தனை பேரையும் கொண்டுபோய்விட்டு இவரை மட்டும் விட்டுவிட்டது. ஒருமுறை பெரியம்மை கண்டவருக்கு மறுபடி வராது என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் ஊர் ரயில்வே ஜங்ஷன் அல்லவா, இவர் அதை ரயில்வே பாஷையில் சொன்னார்.

"ஆத்தா எனக்குப் பாஸ் எழுதிக் குடுத்துட்டா. ஆயுசுக்கும் செல்லும். எந்த டிக்கெட் செக்கரும் என்னயக் கேக்க முடியாது."

வெயில் காலத்தில் பகல் முழுக்க அந்தப் பாறை மலை சூடு குடித்து, பொழுது சாய்ந்ததும் எங்கள் தலையில் கக்கும். அந்த மாதங்களில்தான் அம்மை வரும். ஒரு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கிவிட்டால் போதும், அந்த வீட்டுக்கு அன்றோடு பால்காரர் கிடையாது, மாமன் மச்சான் கிடையாது, எதிரில் வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பாஸ்காரர் மட்டும் வாயில் இருக்கிற சுருட்டை எடுத்து மதில்மேல் பத்திரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்.

"எங்கடா படுத்திருக்க? மூஞ்சியக் காட்டு. ப்பூ, இம்புட்டுத்தானா? எனக்கு வந்ததுல கால்வாசி இல்ல. இதுக்கா ஊரே கதவச் சாத்திருச்சு? எந்திரிச்சு எளநியக் குடி."

நோயாளியை அவமானப்படுத்துவதுதான் அவருடைய முதல் சிகிச்சை. சாகக் கிடக்கிறவனுக்கும் ரோஷம் வரும். அதற்குப் பிறகுதான் வாழை இலை விரிப்பது, கண்ணுக்குள் முத்து இறங்காமல் ஈரத்துணியால் ஒற்றுவது, அரிக்கிற இடத்தை வேப்பங்கொழுந்தால் வருடிக் கொடுப்பது, சொறியாமல் இருக்கக் கைகளைத் துணியால் சுற்றுவது எல்லாம். சுருட்டு சுற்றிய கை ஆதலால் கட்டு அவிழவே அவிழாது. பிழைத்தவர்களைக் குளிப்பாட்டியதும் அவர்தான், பிழைக்காதவர்களைக் குளிப்பாட்டியதும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே தகர வாளி.

இதற்கு அவர் வாங்கிய கூலி விசித்திரமானது. அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, கடுகு வெடிக்கிற சத்தமே கேட்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டது என்று ஆன பிறகுதான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும். பாஸ்காரர் கேட்ட கூலி அந்த முதல் தாளிப்புச் சாப்பாடு. சமையற்கட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். கடுகு சடசடவென்று வெடித்ததும் முகம் மலர்ந்துவிடும். "ம், ஆளு நம்ம பக்கம் வந்துட்டான். சோத்தப் போடு" என்பார். பிழைக்காதவர் வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

இதோடு நின்றிருந்தால் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம், இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது. அவரோ அம்மை கொடுத்த பாஸைக் காட்டிச் சகல நோய்களோடும் வம்புக்குப் போனார். சாக்கடையில் விழுந்த கொய்யாப்பழத்தை எடுத்து வேட்டியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கடிப்பார். ஊரெல்லாம் வாந்திபேதி என்று தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்போது இவர் கோட்டைக் குளத்தில் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஏப்பம் விட்டுக் காட்டுவார். அவர் மனைவி சிட்டம்மா அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

"உமக்கு ஒண்ணும் ஆகாதுய்யா, தெரியும். அந்தக் கொய்யாப் பழத்துக்கு என்ன வந்து தொலைக்குமோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

சித்திரை வெயிலில் ஒருநாள் தெருவில் சட்டையில்லாமல் நின்றுகொண்டு, "பாறை வெடிக்கிற வெயிலு, என் உடம்பத் தொட்டுப் பாருங்க, சூடு ஏறியிருக்கா?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் தொடச் சொன்னார். அந்த வழியாக வந்த எல்.எம்.பி. டாக்டர் நின்றார். டாக்டர் ஒரு சுருட்டுப் பிரியர், பாஸ்காரர் சுற்றிய சுருட்டைத் தவிர வேறு குடிக்கமாட்டார். அதனால் இருவருக்கும் பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"வெயில் ஏற ஏற உன் உடம்பு வேர்வைய வெளியே தள்ளித் தன்னைக் குளுப்பாட்டிக்குது. மார்கழிக் குளிர்ல நடுங்கிச் சூடு பண்ணிக்குது. உள்ள இருக்கிற சூடு எப்பவும் ஒரே மாதிரிதான்யா. இதுல நீ என்ன கெட்டிக்காரன்? எனக்கும் அப்படித்தான், அந்தா நிக்கிற கழுதைக்கும் அப்படித்தான்."

பாஸ்காரர் கழுதையைத் திரும்பிப் பார்த்தார். "அது பேசாம நிக்குது டாக்டரய்யா. நீங்கதான் கொடை புடிச்சிருக்கீக" என்றார்.

அந்த வருஷ ஆவணியில் அவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. இரண்டு தாடையும் வீங்கி, பாஸ்காரர் பாதிப் பூசணிக்காய் ஆகிவிட்டார். குழந்தைகளுக்கு வருகிற நோய் தனக்கு வந்ததை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "நோயில்ல, வீக்கந்தான்" என்று உதடு அசையாமல் சொன்னார். பொன்னுக்குவீங்கிக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வற்றும் என்பார்கள். சிட்டம்மா அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. சுருட்டுக் கம்பெனி முதலாளியம்மாள் மனம் இரங்கித் தன் சங்கிலியைக் கொடுத்தனுப்பினார், கூடவே சங்கிலிக்குக் காவலாகக் கம்பெனிக் கணக்குப்பிள்ளையையும் அனுப்பினார். வீக்கம் வற்றும்வரை கணக்குப்பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பாஸ்காரர் புரண்டு படுக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கழுத்தைப் பார்த்தார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அன்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"இங்க பாருய்யா. உடம்புக்குள்ள காவலுக்கு ஆளுக இருக்காங்க. சின்ன வயசுல உனக்கு அம்மை வந்தப்போ அதோட மல்லுக்கட்டி, அதோட மூஞ்சிய அவங்க மனப்பாடம் பண்ணிக்கிட்டாங்க. திரும்ப எட்டிப் பாத்தா வாசல்லயே கழுத்தப் புடிச்சுத் தள்ளிருவாங்க. பொன்னுக்குவீங்கி மூஞ்சிய அவங்க இதுக்கு முன்ன பாத்ததே இல்ல. இப்பத்தான் பாக்குறாங்க. இனிமே அதையும் ஞாபகம் வச்சுக்குவாங்க."

"அப்ப எனக்கு ரெண்டு பாசா?"

"ரெண்டு பாஸ்தான். ஆனா ரெண்டு லைனுக்குத்தான். பழனி லைன் பாஸ வச்சுக்கிட்டுத் திருச்சி வண்டியில ஏறுனா எறக்கி விட்ருவான்யா. வாந்திபேதிக்கு உன்கிட்ட பாஸ் கிடையாது. நாய்க்கடிக்குக் கிடையாது. சாக்கடைக் கொய்யாவ நிறுத்து."

இவ்வளவையும் கேட்ட பாஸ்காரருக்குக் காதில் விழுந்தது 'ரெண்டு பாஸ்' என்பது மட்டும்தான். தாடை வற்றியதும் சந்து முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருக்கு ஒரே மகள், பஞ்சவர்ணம். பஞ்சு என்று கூப்பிடுவோம். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எமனுக்கு அஞ்சாத மனிதர் பஞ்சுவுக்கு அஞ்சினார். தான் கொட்டுகிற மழையில் ஆடிக்கொண்டு வருவார், அவள் தலையில் ஒரு தூறல் விழுந்தால் சட்டையைக் கழற்றிப் பிடிப்பார். அவள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி, "ஏ பாஸ்காரரே, நேத்து வாங்கித் தாரேன்னு சொன்ன சிலேட்டு எங்கய்யா?" என்று தெருவில் வைத்து அதட்டுவாள். அவர் கம்பெனிக்குப் போவதை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவார்.

அந்த வருஷம் சந்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மணல்வாரி அம்மை வந்தது, பஞ்சுவுக்கு மட்டும் வரவில்லை. அவ்வளவுதான், பாஸ்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார். "என் ரத்தம்ல! ஆத்தா எழுதிக் குடுத்தது குடும்பப் பாஸு" என்றார். டாக்டர் விடவில்லை. "உன் உடம்பு சண்டை போட்டுக் கத்துக்கிட்டது உன் உடம்போட சரி. மகளுக்கு அது ரத்தத்துல வராது. அந்தப் பாஸ்ல ஒரு பேருதான்யா எழுதியிருக்கும்" என்றார்.

"வெள்ளக்காரன் போட்ட ரயில்லயே வேல பாக்குறவன் பொண்டாட்டி புள்ளைக்கெல்லாம் பாஸ் குடுக்குறான். ஆத்தா குடுக்க மாட்டாளா டாக்டரய்யா?"

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் ரசித்துச் சிரித்தேன். வாதம் அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்த கோடையில் சந்தில் முதல் வேப்பிலைக் கொத்து தொங்கியது என் அறை வாசலில். எனக்குச் சிறுவயதில் அம்மை குத்தியிருந்தார்கள். அந்தக் காவல் இத்தனை வருஷத்தில் அசந்துவிட்டது போலிருக்கிறது. உடம்பு அனலாகக் கொதித்து, முதுகு முறிந்து, முகத்தில் முத்துக்கள் எழும்பியபோது வீட்டுக்காரர் என்னை ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டகைக்கு அனுப்பிவிடத் துடித்தார். பாஸ்காரர் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். "வாத்தியார் எங்கயும் வர மாட்டாரு. தூக்குறவன் என்னயத் தாண்டித் தூக்கட்டும்" என்றார். யாரும் படி ஏறவில்லை.

உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "ப்பூ, இம்புட்டுத்தானா?" என்று ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் வரவில்லை, அழுகை வந்தது. "காச்சல் அடிக்கட்டும் வாத்தியாரே. உள்ள இருக்கிற காவக்காரங்க அடுப்பு மூட்டியிருக்காங்க. டாக்டர் சொன்னாரு" என்றார். டாக்டர் பேச்சில் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வதில் அவர் மன்னன்.

எனக்கு அம்மை கண்ட செய்தி போனதும் அம்மை குத்துகிறவர் சந்துக்கு வந்தார். கையில் பெட்டி, அதற்குள் சின்னத் திருகாணி மாதிரி ஒரு கருவி. அதை மருந்துச் சொட்டின்மேல் வைத்துத் திருகினால் முன்கையில் வட்டமாகக் கீறும். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கினார்கள். திண்டுக்கல்லில் கோடைகாலத் தண்ணீர்த் தொட்டியைவிடப் பத்திரமான காய்ந்த இடம் கிடையாது. பாஸ்காரர்தான் ஒவ்வொருவரையாகக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். "குத்திக்கடா. உனக்கென்ன என்னயாட்டம் ஆத்தாவா பாஸ் குடுத்திருக்கா? இவருகிட்ட வாங்கினாத்தான் உண்டு" என்று சொல்லிச் சொல்லி, சந்துப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வரிசையில் நிறுத்தினார்.

நான் ஜன்னல் பக்கம் படுத்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. வரிசையில் பஞ்சுவும் நின்றிருக்கிறாள்.

"நீ எதுக்குத்தா நிக்கிற? இந்தப் பக்கம் வா."

"எல்லாருக்கும் குத்துறாங்கள்லப்பா. எனக்கும் வேணும்."

"நமக்குத்தான் குடும்பப் பாஸ் இருக்குல்ல. பாஸ் வச்சிருக்கிறவ வரிசையில நிக்கலாமா?"

"குத்திக்கிறட்டுமேய்யா, ஒரு நிமிஷ வேல" என்றார் அம்மை குத்துகிறவர்.

"நீங்க அடுத்த சந்தப் பாருங்க. எம் புள்ளைக்கு எழுதுன மருந்த வேற புள்ளைக்குக் குடுங்க."

சந்து சிரித்தது. பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. டாக்டர் அன்று ஊரில் இல்லை.

எனக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்தது பஞ்சுதான். தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் கேட்கமாட்டாள், நிலைப்படியில் உட்கார்ந்து கதை பேசுவாள். பாஸ்காரரும் அவளைத் தடுக்கவில்லை. "டிராயிங் சார், உங்க மூஞ்சி பணியாரச் சட்டியாட்டம் ஆகப்போகுது. மாவு கொண்டாந்து ஊத்திரவா?" என்பாள். உதடு வெடித்திருந்ததால் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வலித்தது. அவள் வராத நேரத்தில் இன்னும் அதிகமாக வலித்தது.

நான் பிழைத்துக்கொண்டேன். மூன்றாம் தண்ணீராகத் தலைக்கு ஊற்ற மஞ்சளும் வேப்பிலையும் இருந்தன, தண்ணீர்தான் இல்லை. பாஸ்காரர் எங்கெங்கோ அலைந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். எனக்குச் சமையற்கட்டு கிடையாது என்பதால் கூலிச் சாப்பாட்டைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சிட்டம்மா அக்கா ரசத்துக்குத் தாளித்தார், கடுகு வெடித்தது.

"ம், வாத்தியாரு நம்ம பக்கம் வந்துட்டாரு. சோத்தப் போடு. ஏத்தா பஞ்சு, நீயும் எலையப் போட்டு உக்காரு."

"எனக்கு வேணாம்ப்பா. தல வலிக்குது" என்றாள் பஞ்சு. சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பாஸ்காரர் இடது புறங்கையால் அவள் நெற்றியைத் தொட்டார். வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே இலையில் வைத்தார்.

வெயிலில் சுற்றியது என்று சொல்லிப் பார்த்தார். பரீட்சைப் பயம் என்றார். முகத்தில் முத்து எழும்பிய காலையில் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் சிட்டம்மா அக்காதான் கட்டினார். இனி எனக்குப் பயமில்லை, எனக்கும் பாஸ் கிடைத்துவிட்டது. அதனால் நான் அங்கேயே இருந்தேன். டாக்டர் காலையும் மாலையும் வந்தார். கொடுப்பதற்கு அவரிடம் மருந்து இல்லை, யாரிடமும் இல்லை. "அவ உடம்பு கத்துக்கிறதுக்குள்ள இது முந்திக்கிச்சுய்யா" என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். பாஸ்காரரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பாஸ்காரர் வாழை இலை விரித்தார், கண்ணை ஒற்றினார், கைகளைச் சுற்றினார். ஊருக்கெல்லாம் செய்ததைத்தான் செய்தார். ஆனால் கட்டு அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று. "ப்பூ, இம்புட்..." என்று ஒரு தடவை ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை, எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"அப்பா" என்றாள் பஞ்சு, அவர் திரும்பி வந்ததும். "அந்தப் பாஸ எங்கப்பா வச்சிருக்க? எடுத்துக் காட்டுப்பா."

எத்தனையோ சாவு வீடுகளில் வாய் ஓயாமல் பேசிய மனிதர் அவர். அவளுடைய கட்டுப் போட்ட கைகளை எடுத்துத் தன் முகத்துக் குழிகளின்மேல் வைத்துக்கொண்டார். "இந்தாத்தா, இதுதான். தடவிப் பாரு" என்றார். அவள் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். அந்தத் தகர வாளியை அவர் தொடவில்லை. நான்தான் எடுத்துத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன்.

என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. பாஸ்காரர் என்னிடம் முகம் மாறிக்கூடப் பேசவில்லை. அவர் அப்படிப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. மாதக்கணக்கில் சிட்டம்மா அக்கா தாளிக்காமலே குழம்பு வைத்தார். பாஸ்காரர் கம்பெனிக்குப் போனார், வந்தார். அவர் சுற்றிய சுருட்டு நடுவில் அவிழ்கிறது என்று டாக்டரே சொன்னார், ஆனாலும் வேறு சுருட்டு வாங்கவில்லை.

அடுத்த முறை அம்மை குத்துகிறவர் வந்தபோது சந்து முனையில் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். பாஸ்காரர்.

"மொதல்ல எனக்குக் குத்து."

"உமக்கு எதுக்குய்யா? பெரியம்மையே வந்து போன உடம்பு. மருந்து வீண்."

"குத்துய்யாங்கிறேன்ல."

அன்று தொடங்கிய கூத்து வருஷக்கணக்கில் நடந்தது. எந்த வீட்டில் கதவைச் சாத்தினாலும் அந்த வாசலில் நின்று கையை நீட்டித் தனக்கு முதலில் திருகிக்கொள்வார். அந்தக் கையைக் காட்டிவிட்டுத்தான் பிள்ளையைக் கேட்பார். கம்பெனி முதலாளி, "உனக்குச் சம்பளம் நான் குடுக்குறேனா, அம்மை குத்துறவன் குடுக்குறானா?" என்று கத்தினார். இவர் விடுப்புச் சொல்லாமல் சிறுமலைக்குக்கூட ஏறிப் போனார். வாழைத் தோட்டத்தில் ஒரு கிழவி அவருடைய முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏய்யா, ஒடம்பு பூரா இம்புட்டுத் தழும்பு இருக்கே, இன்னும் பத்தலையா?" என்று கேட்டாளாம். "மூஞ்சியில இருக்கிறது எனக்கு மட்டுந்தான் செல்லும்த்தா. வேற ஆளுக்குச் செல்லாது" என்று சொல்லியிருக்கிறார். கிழவி பேரன்களைக் கூப்பிட்டுவிட்டாள். கூடப் போன அம்மை குத்துகிறவர் இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மூஞ்சிக்கும் பெண் கொடுத்தார்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்தில். பெண் குழந்தை பிறந்தது. அம்மை குத்துகிறவரும் பாஸ்காரரும் என் வீட்டு வாசலுக்கும் வந்தார்கள். என் மனைவி குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, பச்சப் புள்ளைங்க. அழுதா எனக்குத் தாங்காதுங்க. கொஞ்சம் பெருசாகட்டுமுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்காரர் வாசலில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார். புதிதாகக் கீற இடம் தேடவேண்டியிருந்தது. திருகி முடித்ததும் அந்தக் கையை என் மனைவியிடம் காட்டினார். "தாங்கிக்கலாம்மா" என்றார். "இது தாங்குற வலிதான்." அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பஞ்சுவைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருந்தேன். குழந்தையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

குழந்தை சந்தே கேட்கும்படி அழுதது. பாஸ்காரர் அதைவிட நன்றாக அழுதார். அழுதுகொண்டே குழந்தையைப் பார்த்து, "ப்பூ, இம்புட்டுத்தானா? இதுக்கா இந்தச் சத்தம்?" என்றார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த வாக்கியத்தை அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

மதியச் சமையல் பாதியில் நின்றிருந்தது. என் மனைவி உள்ளே போய், வழக்கம் போல எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். நான் பதறிவிட்டேன். பஞ்சு போனதிலிருந்து அவர் எந்த வீட்டிலும் கை நனைத்ததில்லை, தாளிக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியாது. நான் எழுந்து உள்ளே ஓடுவதற்குள் கடுகு சடசடவென்று வெடித்துவிட்டது.

பாஸ்காரர் கண்ணை மூடியிருந்தார். குழந்தை அவர் மடியில் அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. அதன் பிஞ்சுக் கையில் மருந்து காயட்டும் என்று மெதுவாக ஊதிக்கொண்டிருந்தார்.

"ம், ஆளு நம்ம பக்கம் வந்துட்டா" என்றார். "இவ பேருலயே எழுதியாச்சு. சோத்தப் போடும்மா."

நான் அவசரமாக இலையை எடுத்து வந்து அவருக்குப் போட்டேன். பக்கத்தில் ஒட்டி இன்னொன்று போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் அவரை விட்டுத் தள்ளி உட்காருவதாக இல்லை.